இந்த மூச்சுக்குக் கணக்குண்டு

உங்களில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள பிள்ளையை வளர்க்கிறவர்கள் இருக்கிறீர்கள். அந்த நோயோடு பிறந்து, அதோடு போராடியே ஆளானவர்கள் இருக்கிறீர்கள். அவர்களுக்கு அண்ணனாக, அத்தையாக, நண்பனாக, ஆசிரியராக, மருத்துவராக இருப்பவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் எல்லாரிடமும் சேர்த்தே இதைச் சொல்கிறேன். தள்ளிப்போட நேரமில்லாததால் சொல்கிறேன்.

நம் பிள்ளைகளில் சிலர் சிகரெட் பிடிக்கிறார்கள். சிலர் குடிக்கிறார்கள். சிலர் கஞ்சாவுக்கும் போதை மாத்திரைக்கும் போய்விட்டார்கள். நம்மில் பலருக்கு அது தெரியும். சட்டையில் வாடை அடிக்கிறது, கண்ணில் தெரிகிறது, நுரையீரல் பலத்தைக் காட்டும் பி.எஃப்.டி. எண் இறங்குவதிலும் தெரிகிறது. தெரிந்தும் வாய் திறக்காமல் இருக்கிறோம். "நோயோடு இருக்கிற பிள்ளை, அதையும் ஏன் தடுக்க வேண்டும்" என்று அதற்கு இரக்கம் என்ற பெயரும் வைத்திருக்கிறோம். அது இரக்கம் அல்ல. அது கைவிடுதல்.

இந்த உயிர்கள் எப்படி நம் கைக்கு வந்தன என்று எண்ணிப் பாருங்கள். 1938-இல் நியூயார்க்கில் டோரதி ஆண்டர்சன் என்ற மருத்துவர், இறந்துபோன குழந்தைகளின் கணையத்தை ஆராய்ந்து இந்த நோயைத் தெளிவாக விவரித்தார். அந்தக் காலத்தில் இந்த நோயோடு பிறந்தவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கூட வாசலைக்கூட மிதிக்கவில்லை. 1948-இல் அதே நகரத்தில் வெயில் கொளுத்தியபோது, இந்தக் குழந்தைகள் அதிகமாகச் சுருண்டு விழுவதைக் கண்டு ஏன் என்று கேட்டார் பால் டி சான்ட் ஆக்னீஸ். இவர்கள் வியர்வையில் உப்பு அளவுக்கு மீறி வெளியேறுகிறது என்று 1953-இல் காட்டினார். இன்று நம் பிள்ளைகளுக்குச் செய்கிற வியர்வைப் பரிசோதனை அங்கிருந்து வந்தது. 1989-இல் பழுதான மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. 2019-இல் மூன்று மருந்துகள் சேர்ந்த கூட்டு மாத்திரைக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. குழந்தை நோய் என்று சொல்லப்பட்ட நோயில், இன்று அமெரிக்காவில் பாதிக்கும் மேற்பட்டோர் 18 வயதைக் கடந்தவர்கள்.

அதனால்தான் இந்தப் பேச்சே வருகிறது. அந்த நாளில் இந்தப் பிள்ளைகளிடம் யாரும் கிளாஸை நீட்டவில்லை. நீட்டுகிற வயதுவரை அவர்கள் இருக்கவில்லை. இன்று இருக்கிறார்கள். கல்லூரிக்குப் போகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், நண்பர்களோடு ஊர் சுற்றுகிறார்கள். எத்தனையோ பேர் உழைத்துச் சேர்த்துக் கொடுத்த வயது இது. மேலை நாடுகளில் விசாரித்துப் பார்த்தவர்கள், மது அருந்துவதில் இந்த நோயுள்ள பெரியவர்கள் மற்றவர்களிடமிருந்து பெரிதாக வேறுபடவில்லை என்றே கண்டார்கள். மற்றவர்களைப் போல வாழ ஆசைப்படுவது குற்றம் அல்ல. ஆனால் மற்றவர்களுக்கு நாற்பது வருடம் கழித்து வருகிற கணக்கு, இவர்களுக்கு நாலே வருடத்தில் வந்து நிற்கும்.

நம் ஊரில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. இந்த நோய் வெள்ளைக்காரர்களுக்குத்தான் வரும் என்று நெடுங்காலம் நம்பியிருந்தோம். டி.பி. என்றும் ஆஸ்துமா என்றும் மருந்து கொடுத்துப் பல ஆண்டுகளை இழந்த பிறகுதான் பல குடும்பங்களுக்கு உண்மை தெரிந்தது. தாயும் தகப்பனும் இந்த மரபணுவின் பழுதான பிரதியை ஆளுக்கொன்று சுமந்தால், பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே மணம் முடிக்கிற குடும்பங்களில் அப்படி இருவரும் சுமப்பவர்களாக அமைவது இன்னும் எளிது. புதிய கூட்டு மாத்திரைக்கு அமெரிக்காவில் வைத்த விலை ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்கு மேல். நம் கணக்கில் 2 கோடி ரூபாயைத் தாண்டும். நம் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு அது எட்டாக்கனி. அப்படியானால் நம்மிடம் இருப்பது என்ன? நெபுலைசர் இருக்கிறது. பிசியோ இருக்கிறது. ஒவ்வொரு சாப்பாட்டோடும் விழுங்குகிற செரிமான என்சைம் இருக்கிறது. ஆன்டிபயாடிக் இருக்கிறது, உப்பு இருக்கிறது, நல்ல சோறு இருக்கிறது. இவ்வளவுதான் நம் கையிருப்பு. இதில் எதையும் புகைக்கும் போதைக்கும் வாரிக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

ஒரு வீட்டின் காலையைப் பாருங்கள். ஐந்தரைக்கே விளக்கு எரிகிறது. அம்மா நெபுலைசர் கிண்ணத்தைக் கொதிநீரில் போட்டு எடுத்துக் காயவைத்திருக்கிறார். உப்புநீர் மருந்தை ஊற்றி முகமூடியை மாட்டுகிறார். பிறகு பையன் குப்புறப் படுக்க, கையைக் குவித்து முதுகைத் தட்டுகிறார். வலப்பக்கம், இடப்பக்கம், மறுபடி முதுகு. அவன் மூச்சை இழுத்து ஊதி ஊதிச் சளியைக் கொண்டுவருகிறான். அம்மா அதன் நிறத்தைப் பார்க்கிறார். பச்சையா, மஞ்சளா என்று பார்க்கிறார். இவ்வளவும் முடிந்துதான் இட்லி. அந்த இட்லிக்கும் மாத்திரை. இது ஒரு நாள் வேலையல்ல, எல்லா நாளும் இதுதான். அந்தப் பையன் பத்தரைக்குக் கல்லூரி வாசல் டீக்கடையில் ஒரு தம் பற்றவைக்கிறான்.

தம்பி, அந்தப் புகை உனக்குள் என்ன செய்கிறது என்று கேள். மூச்சுக்குழாயின் உட்பக்கச் செல்களில் உப்பை வெளியே விடுகிற ஒரு வாசல் உண்டு. உன் நோயில் பழுதானது அந்த வாசல்தான். அது சரியாகத் திறக்காததால்தான் உன் சளி நீர் வற்றிப் பசையாகிறது. அதில்தான் சூடோமோனாஸ் கிருமி குடியேறுகிறது. சிகரெட் புகை, நோயே இல்லாதவனுடைய வாசலைக்கூடச் செயலிழக்கச் செய்கிறது என்று ஆய்வுக்கூடங்கள் காட்டிவிட்டன. நல்ல நுரையீரலுக்கே அந்தக் கதி என்றால் உன் நுரையீரலுக்கு என்ன மிச்சம்? சளியை மேலே தள்ளுகிற நுண்ணிய முடிகளையும் அதே புகை முடக்கிப் போடுகிறது. அம்மா அரை மணி நேரம் தட்டிக் கிளப்பியதை நீ ஐந்து நிமிடத்தில் மறுபடி உறைய வைக்கிறாய். அந்த விலையுயர்ந்த மருந்து கிடைத்த பாக்கியசாலியும் தப்ப முடியாது: மருந்து மேலே கொண்டுவந்து நிறுத்துகிற வாசலைத்தான் புகை கீழே தள்ளுகிறது.

தகப்பன்மாரே, அடுத்தது உங்களுக்கு. "நான் வாசல்படியில் நின்றுதானே பிடிக்கிறேன்" என்று சொல்லாதீர்கள். உங்கள் சட்டையில் ஒட்டிக்கொண்டு புகை வீட்டுக்குள் வருகிறது. உங்கள் தலைமுடியில் வருகிறது, உங்கள் மூச்சிலும் வருகிறது. 1990-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் ஒரு செய்தியை வெளியிட்டது. இந்த நோயுள்ள குழந்தைகள் இரண்டு வாரம் ஒரு கோடை முகாமில் தங்கினார்கள். முகாமில் புகை கிடையாது. புகை பிடிக்கிற வீடுகளிலிருந்து வந்த குழந்தைகளுக்கு அந்த இரண்டு வாரத்தில் எடை கூடியது. இதை நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ ஏற்ற நெய்யும் முட்டையும் வாழைப்பழமும் ஊட்டித் தாய் படாத பாடு படுகிறாள். வீட்டுக்குள் புகை இல்லாதிருந்தாலே பிள்ளை தேறுகிறது. 2021-இல் வந்த இன்னோர் ஆய்வு, புதிய வகை மருந்து சாப்பிடுகிற பிள்ளைகளிலும் வீட்டுப் புகைக்கு ஆளானவர்களுக்கு அந்த மருந்தின் பலன் நுரையீரலில் சேரவில்லை என்று காட்டியது. மகனிடம் "விடு" என்று சொல்லும் முன் நீங்கள் விடுங்கள். சித்தப்பா விடட்டும், தாத்தா பீடியைக் கீழே போடட்டும். பெரியவர்கள் பிடித்துக்கொண்டே சின்னவனுக்குச் செய்கிற உபதேசம் காற்றில்தான் போகும்.

இனி குடி. "புகைதான் நுரையீரலுக்குக் கெடுதல், ஒரு கட்டிங் போட்டால் என்ன?" என்று கேட்கிறவர்கள் கேளுங்கள். இந்த நோய் நுரையீரலோடு நிற்பதில்லை. பித்தநீரும் கெட்டியாகிக் கல்லீரலின் குழாய்களை அடைக்கிறது. சிலருக்கு இளம் வயதிலேயே சிர்ரோசிஸ் வந்துவிடுகிறது. புதிய கூட்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும். ஏற்கெனவே இவ்வளவு சுமக்கிற கல்லீரல் மேல் சரக்கையும் ஊற்றுவதா?

இந்த நோயிலும் கணையம் ஓரளவு வேலை செய்கிறவர்களுக்கு, குடி அந்தக் கணையத்தைப் புண்ணாக்கி வயிற்றைப் பிடித்துத் துடிக்க வைக்கும். வயது வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இந்த நோயினாலேயே சர்க்கரை நோயும் வருகிறது. இன்சுலின் போட்டுக்கொண்டு, சரியாகச் சாப்பிடாமல் குடித்தவனுக்கு நடுராத்திரியில் சர்க்கரை படுபாதாளத்துக்கு இறங்கும். நாக்கு குழறும், வியர்க்கும், கூப்பிட்டால் எழமாட்டான். பக்கத்தில் இருக்கிற நண்பர்கள், "மப்புல கிடக்கான், தூங்கட்டும்" என்று போர்வையை இழுத்துவிட்டுப் போவார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தராத குற்றம் யாருடையது? நம்முடையது.

நம் வெயிலையும் கணக்கில் வையுங்கள். சித்திரை வெயிலில் இந்தப் பிள்ளைகளின் உடம்பிலிருந்து உப்பு வடிந்துகொண்டே இருக்கிறது; மது அதோடு நீரையும் வெளியேற்றுகிறது. ராத்திரி குடித்தவன் காலையில் நெபுலைசர் வைப்பதில்லை, பிசியோ செய்வதில்லை, என்சைம் போடுவதில்லை. ஒரு நாள் சளி வெளியே வராமல் தங்கினால் அது அவனுக்குச் சின்ன விஷயம் அல்ல. நோய்த்தொற்று முற்றி ஆஸ்பத்திரியில் படுத்து எழுகிறவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு, முன்பிருந்த நுரையீரல் பலம் திரும்பி வருவதே இல்லை. போனது போனதுதான்.

கஞ்சா மூலிகைதானே என்கிறார்கள். அன்புப் பிள்ளைகளே, ஏமாறாதீர்கள். காய்ந்த அந்த இலையில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை வளரும். உங்கள் நுரையீரலில் புகுந்து ஒவ்வாமையைக் கிளப்பி மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட வைக்கிற அதே பூஞ்சைதான். ஒரே சிலும்பியைக் கை மாற்றி இழுக்கிறீர்கள். கிருமி தொற்றிவிடக் கூடாது என்று, இந்த நோயுள்ள இருவரை ஆறடி தள்ளி உட்கார வைக்கிறது மருத்துவம். ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்கு நீங்கள் கிருமியைக் கை மாற்றலாமா? வேப் ஆபத்தில்லாதது என்று யாராவது சொன்னால், 2019-இல் அமெரிக்காவில் நடந்ததைச் சொல்லுங்கள். 2020 பிப்ரவரி வரை 2,800-க்கும் மேற்பட்டோர் வேப்பினால் நுரையீரல் சிதைந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். 68 பேர் இறந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் பலர் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த இளைஞர்கள். நம் நாடு 2019-இலேயே அதைத் தடை செய்துவிட்டது.

இன்று என்னை மிகவும் பதற வைப்பது வலி மாத்திரை. டேபென்டடால் போன்ற மாத்திரைகளைப் போதைக்காக விழுங்குவதும், பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றுவதும் நம் ஊர்களுக்கு வந்துவிட்டன. அந்த வகை மருந்து மூச்சை மந்தமாக்கும், இருமலை அடக்கும். இருமித்தான் உயிர் வாழ்கிறான் இந்தப் பிள்ளை; அவன் இருமலை அடக்கினால் என்ன ஆகும்? அது குடலையும் அசையவிடாது. கெட்டிச் சளியால் குடல் அடைத்து அறுவை சிகிச்சை வரை போகிற ஆபத்து இந்த நோயில் ஏற்கெனவே இருக்கிறது. ஆன்டிபயாடிக் ஏற்றுவதற்காக மார்பில் போர்ட் வைத்திருக்கிறவர்கள் அதன் வழியாகப் போதையை ஏற்றினால், கிருமி நேரே ரத்தத்தில் கலந்து இதயத்துக்குப் போகும். உயிர் காக்க வைத்த வழியை உயிர் போகிற வழியாக்காதீர்கள்.

ஏன் இந்தப் பிள்ளைகள் அங்கே போகிறார்கள் என்று கேளுங்கள், கேட்காமல் திட்டாதீர்கள். பயத்தினால் போகிறார்கள். வலியினால் போகிறார்கள். கூடப் பழகிய இன்னொரு பிள்ளை இறந்த செய்தி கேட்டு, உறக்கம் வராமல் போகிறார்கள். "எப்படியும் சீக்கிரம் சாகப் போகிறேன்" என்று எண்ணிப் போகிறார்கள். 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று, 9 நாடுகளில் 6,088 நோயாளிகளை விசாரித்தது. மனச்சோர்வும் பதற்றமும் பொதுமக்களைவிட அவர்களிடம் இரண்டு மூன்று மடங்கு இருந்தன. அவர்களுடைய பெற்றோரிடமும் அப்படியே. அதற்குப் பிறகு, 2016-இல், 12 வயதிலிருந்து ஆண்டுதோறும் ஒவ்வொருவரின் மனநிலையையும் கேட்டறிய வேண்டும் என்று அமெரிக்க, ஐரோப்பிய அமைப்புகள் வழிகாட்டின. நம் பிள்ளைகளிடம் யார் கேட்கிறார்கள்? சளியின் நிறத்தைக் கேட்கிறோம், எடையைக் கேட்கிறோம். "உனக்கு உள்ளே எப்படி இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறோமா? நாம் கேட்காத கேள்விக்குத்தான் அவர்கள் பாட்டிலில் பதில் தேடுகிறார்கள்.

அடுத்து, மறைப்பது. ஓ.பி. அறையில் மருத்துவர், "ஏதாவது பழக்கம் உண்டா?" என்று கேட்கிறார். பக்கத்து நாற்காலியில் அம்மா. "இல்ல டாக்டர்" என்கிறான் பிள்ளை. அந்த ஒரு பொய்யை நம்பி மருந்து எழுதப்படுகிறது, அளவு குறிக்கப்படுகிறது. மதுவோடு சேரக் கூடாத ஆன்டிபயாடிக்குகள் உண்டு, கல்லீரலைச் சோதிக்கிற பூஞ்சை மருந்துகள் உண்டு. மருத்துவரே, தாயையும் தகப்பனையும் பத்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்லுங்கள், பிறகு கேளுங்கள். கேட்கும்போது புருவத்தை உயர்த்தாதீர்கள். தாய்மார்களே, அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுங்கள். பிள்ளைகளே, உண்மையைச் சொல்லுங்கள். என்ன, எவ்வளவு, எத்தனை நாளாக என்று சொல்லுங்கள். மறைத்த பழக்கம் ஒரு நாள் வெளியே வந்தே தீரும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து வந்தால் அப்போது பேச நேரம் இருக்காது.

நுரையீரல் மாற்று என்ற கடைசிக் கதவு ஒன்று உண்டு. அந்தக் கதவில் நிற்கிற மருத்துவக் குழுக்கள் புகையிலையை விட்டு மாதங்கள் ஆகியிருக்க வேண்டும் என்கின்றன. பெரும்பாலும் குறைந்தது 6 மாதம் என்கின்றன. நிகோட்டின் இருக்கிறதா என்று ரத்தத்தையோ சிறுநீரையோ சோதிக்கின்றன. அங்கே கெஞ்சல் எடுபடாது. இன்னொரு குடும்பம் துக்கத்தின் நடுவே தானமாகத் தந்த நுரையீரல் அது. அதை யாருக்குக் கொடுப்பது என்ற பொறுப்பு அவர்களுக்கு இருக்கிறது. மூச்சு முட்டுகிற நாளில் விட்டுவிடலாம் என்று நினைக்கிறவனுக்கு அந்த 6 மாதத்தை யார் கொடுப்பார்கள்? இன்று தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதமும் அந்தக் கதவருகே வட்டியோடு வந்து நிற்கும்.

ஆகவே, உறவுகளே, இன்றே தொடங்குவோம். பொங்கல் கழியட்டும், பரீட்சை முடியட்டும், கல்யாணம் ஆகட்டும் என்று சொல்லாமல் இன்றே தொடங்குவோம்.

இளைஞர்களே, பையிலிருக்கிற பாக்கெட்டை இன்றே வெளியே எறியுங்கள். உங்களால் தனியாக முடியாவிட்டால் வெட்கப்படாதீர்கள்; நிகோட்டின் விடாப்பிடியானது, அதற்கு மருந்தும் ஆலோசனையும் உண்டு. 1800-11-2356 புகையிலையை விட உதவுகிற தேசிய எண். 14446 போதை மீட்புக்கான எண். 14416 மனநலத்துக்கான டெலி மானஸ். தினமும் நிறையக் குடித்துப் பழகியவர்கள் மட்டும் தாங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். வலிப்பும் பிதற்றலும் வரலாம், அது உங்கள் உடம்புக்கு இரட்டை ஆபத்து. மருத்துவரிடம் போய், அவர் கண்காணிப்பில் நிறுத்துங்கள். ஆனால் மருத்துவரிடம் போவது இன்றே. ஒரு தடவை சறுக்கினால் அதைச் சாக்காக்கி முழுவதுமாக விழாதீர்கள். சறுக்கிய அன்றே எழுந்து வாருங்கள், வாசல் திறந்திருக்கும்.

வீட்டாரே, இன்றே வீட்டையும் காரையும் புகையில்லா இடமாக்குங்கள். விருந்தாளி பற்றவைத்தால், எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், தெருமுனைக்கு அனுப்புங்கள். கல்யாண வீட்டில் பிள்ளையின் கையில் கிளாஸைத் திணிக்கிற மாமனை அங்கேயே தடுங்கள். பிள்ளை உண்மையைச் சொல்கிற நாளில் கையை ஓங்காதீர்கள், மானம் போய்விட்டது என்று அழாதீர்கள். சொன்னதற்கு நன்றி சொல்லுங்கள். அடுத்த நாளே ஆலோசகரிடம் கூடப் போங்கள். சென்னையில் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை போதை மீட்புச் சிகிச்சையை 1980-இலேயே தொடங்கிவிட்டது. சிகிச்சை இல்லை என்று நம்மால் சொல்ல முடியாது.

நண்பர்களே, நீட்டுகிற கையை மடக்கிக்கொள்ளுங்கள். "ஒண்ணும் ஆகாதுடா" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை; அவனுடைய உடம்பைச் சுமப்பது நீங்கள் அல்ல. அவனுக்குச் சர்க்கரை குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கற்றுக்கொள்ளுங்கள். அவன் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிற இடத்தில் கேலி எழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பிள்ளைகளை உயிரோடு வைத்திருக்கிற பொறுப்பு ஒருவர் தலையில் மட்டும் ஏற்றப்படவில்லை. நம் எல்லார் மேலும் ஏற்றப்பட்டிருக்கிறது. ஒருவர் விட்டால் மற்றவர் பிடிக்க வேண்டும். எல்லாரும் விட்டால் எல்லாரும் பதில் சொல்ல வேண்டும். அறம் யாரையும் தனியாக விசாரிப்பதில்லை. பிள்ளையைக் கேட்கும்போதே, பக்கத்தில் இருந்த நம்மையும் கேட்கும். எனவே இன்று ராத்திரி படுக்கப் போகும் முன் அவனோடு உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் சிகரெட்டை அணைத்துவிட்டுப் பேசுங்கள். அவனை அணைத்துக்கொண்டு பேசுங்கள். நாளை என்ற சொல்லை மட்டும் அந்தப் பேச்சுக்குள் வரவிடாதீர்கள்.